விசாவுக்குப் பணம் காட்டுவது: சேமிப்பா, கல்விக் கடனா, ஜெர்மனியின் பிளாக்டு அக்கவுன்ட்டா?

பிள்ளை வெளிநாடு போய்ப் படிக்க வேண்டும் என்றால் பாடம் தேடுவது, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுவது எல்லாம் அவர்கள் பாடு. பெற்றோர் தலையில் வந்து விழுவது பணக் கணக்கு. படிப்புக்கும் அங்கே ஆகும் செலவுக்கும் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட வேண்டும். 2025-இல் எங்கள் குடும்பத்தில் மூன்று பிள்ளைகள் கிளம்பினார்கள். என் மகள் பிரிட்டனுக்கு எங்கள் சேமிப்பைக் காட்டிப் போனாள். தம்பி மகளும் பிரிட்டன்தான், ஆனால் வங்கிக் கடன். என் மகன் ஜெர்மனி, பிளாக்டு அக்கவுன்ட்டில் (முன்கூட்டியே பணம் கட்டி, மாதாமாதம் ஒரு தொகை மட்டும் எடுக்க முடிகிற கணக்கு). மூன்று ஃபைலையும் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பரப்பி வைத்துப் பார்த்ததால், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்ல முடிகிறது.

முதலில் சேமிப்பு. பிரிட்டனுக்கு எவ்வளவு காட்ட வேண்டும் என்பது குழப்பமே இல்லாத கணக்கு. முதல் வருட ஃபீஸில் இன்னும் கட்டாத பாக்கி, அதோடு ஒன்பது மாதச் செலவு. அப்போது லண்டனுக்கு வெளியே மாதம் 1,136 பவுண்டு. மகளுக்கு ஃபீஸ் பாக்கி 14,000 பவுண்டு, செலவுக்கு 10,224 பவுண்டு. ஏறத்தாழ 28 லட்சம் ரூபாய். (2025 நவம்பர் முதல் அந்த 1,136 என்பது 1,171 ஆகிவிட்டது. லண்டன் என்றால் 1,529. பழைய தொகையை யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.)

வீட்டுக்காரர் ஓய்வு பெற்றபோது வந்த பணம் அவர் கணக்கில் இருந்தது. அதனால் சுலபம் என்றுதான் நினைத்தோம். விதி என்னவென்றால், அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. நாங்கள் தேவைக்கு மேல் பத்தாயிரம்தான் விட்டிருந்தோம். பத்தொன்பதாம் நாள் பாஸ்புக் பதியப் போனவர் முகம் வெளிறி வந்தார். வருடத்துக்கு ஒருமுறை தானாகப் பிடிக்கும் இன்சூரன்ஸ் பிரீமியம், 23,000 ரூபாய், அன்று காலை போயிருந்தது. அவ்வளவுதான், பத்தொன்பது நாளும் வீண். திரும்ப ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தோம். அன்றே எல்லா ஆட்டோ டெபிட்டையும் என் சம்பளக் கணக்குக்கு மாற்றி, அவருடைய ஏடிஎம் கார்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன். கூடுதலாக ஒன்றரை லட்சமும் போட்டு வைத்தோம். விண்ணப்பிக்கிற நாளின் மாற்று விகிதத்தைத்தான் பார்ப்பார்கள். பவுண்டு ஒரு ரூபாய் ஏறினாலே நம் கணக்கில் இருபத்து நாலாயிரம் இடிக்கும்.

இன்னொரு முட்டுக்கட்டை நம் ஊருக்கே உரியது, இனிஷியல். பெற்றோர் கணக்கைக் காட்டினால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வைக்க வேண்டும். மகளின் சான்றிதழில் அப்பா பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. வங்கியிலும் பாஸ்போர்ட்டிலும் அந்த எழுத்து விரிந்து தாத்தாவின் முழுப் பெயராக நிற்கிறது. நமக்கு இது ஒரே ஆள். விசா அலுவலகத்தில் உட்கார்ந்து ஃபைல் பார்ப்பவருக்கு இரண்டு பேர். நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி வைத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

பங்குகள், பென்ஷன் ஃபண்ட் எதையும் பிரிட்டன் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. எஃப்.டி.யை உடனே உடைக்க முடியும் என்றால் பரவாயில்லை.

கல்விக் கடனுக்கு இந்த 28 நாள் அவஸ்தை கிடையாது. ஆறு மாதத்துக்குள் தேதியிட்ட கடன் கடிதம் போதும். ஆனால் அவஸ்தை முன்னாடியே வந்துவிடுகிறது. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுத்துறை வங்கிகளில் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வக்கீலின் லீகல் ஒபீனியன், மதிப்பீட்டாளர் வந்து வீட்டை அளப்பது என்று தம்பி இரண்டு மாதம் அலைந்தான். அப்பா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு சர்வே எண் தப்பாக இருந்ததே அதில் மூன்று வாரத்தைத் தின்றது.

அப்புறம் கடிதம் கைக்கு வந்தது. அதில் "ஈடு பதிவு முடிந்த பிறகே தொகை வழங்கப்படும்" என்று ஒரு வரி. பிரிட்டன் விதிப்படி, விசா கிடைப்பதைத் தவிர வேறு நிபந்தனை எதுவும் அந்தக் கடிதத்தில் இருக்கக் கூடாது. "வங்கியே கொடுத்த கடிதம்தானே அக்கா, இது போதாதா?" என்றான். போதாது. ஈட்டைப் பதிந்து முடித்து, அந்த வரி இல்லாத வேறு கடிதம் வாங்கினான். கடிதம் பிள்ளையின் பெயரில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நாம் இணைக் கடன்தாரர் மட்டும்தான்.

ஜெர்மனி இவை இரண்டையும்விட நிம்மதி. மனை ஒன்றை விற்ற பணத்தில் 11,904 யூரோவை, கிட்டத்தட்ட 12 லட்சம் ரூபாயை, மகன் பெயரில் பிளாக்டு அக்கவுன்ட்டில் கட்டினோம். பணம் போய்ச் சேர்ந்ததும் உறுதிச் சான்று வந்தது. நாள் எண்ண வேண்டியதில்லை. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு மாதம் 992 யூரோ மட்டும் அவன் கைக்கு வரும். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் டியூஷன் ஃபீஸும் கிடையாது. (பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு.) விசா கட்டணம் 75 யூரோ. மகளுக்கோ விசாவுக்கு 524 பவுண்டு, ஒரு வருடப் படிப்புக்கு மருத்துவக் கட்டணம் 1,164 பவுண்டு என்று தனியாகவே ஒரு பெரிய தொகை போனது.

ஆனால் ஜெர்மனியில் பணத்தைக் காட்டிவிட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியாது. முழுத் தொகையும் முன்கூட்டியே நாட்டை விட்டுப் போய்விடும். அதற்கும் முன்னால் 18,000 ரூபாய் கட்டி ஏபிஎஸ் சான்றிதழ் (பிள்ளையின் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது) வாங்கியாக வேண்டும். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

நான்காவதாக ஒரு வழியையும் சில கன்சல்டன்சிகள் காதில் போடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு வட்டிக்குப் பணம் போட்டுத் தருகிறோம், விசா வந்ததும் எடுத்துக்கொள்கிறோம் என்று. எங்களிடமும் ஒருவர் சொன்னார். செய்யவே செய்யாதீர்கள். ஏமாற்று என்று பிரிட்டன் முடிவு செய்தால் பத்து வருடம் வரை தடை விழலாம். கமிஷன் வாங்கியவர் மேல் அல்ல, பிள்ளையின் மேல்.

மூன்றில் எது என்று கேட்டால், பணம் நிஜமாகவே வங்கியில் கிடப்பவர்களுக்குச் சேமிப்பு. பத்திரம் சுத்தமாக இருந்து, ஆறு மாதம் கையில் இருந்தால் கடன். பணம் நகையாகவும் மனையாகவும் சீட்டாகவும் சிதறிக் கிடக்கும் என்னைப் போன்ற குடும்பங்களுக்கு, பிள்ளைக்கு ஏற்ற பாடம் அங்கே கிடைத்தால், ஜெர்மனி.

எந்த வழியானாலும் கணக்கைப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். அதுவரை எங்கள் சம்பளம் எவ்வளவு என்றுகூட நான் மகளிடம் சொன்னதில்லை. பல்கலைக்கழகம் சிஏஎஸ் கடிதம் (விசாவுக்குத் தேவையான சேர்க்கை உறுதி) தருவதற்கு முன் வீடியோவில் பேட்டி எடுக்கும் என்று தெரிந்த பிறகுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்புக்குகளை எல்லாம் அவள் முன்னால் விரித்து வைத்தேன். அப்பாவுக்கு வந்த கிராஜுவிட்டி எவ்வளவு, அதில் தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்தது எவ்வளவு, மீதி எந்த மாதம் எந்தக் கணக்குக்கு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். நடுவில் நிமிர்ந்து, "இவ்வளவுதானாம்மா இருக்கு?" என்றாள். ஆமாம் என்றேன். பேட்டியில் யார் செலவு செய்கிறார்கள் என்று கேட்டபோது, நோட்டைப் பார்க்காமலே மாதமும் தொகையும் சொன்னாளாம்.