ஒழுகும் ஹெட்லைட் வாஷர்: சீலை மாற்றலாமா, நாசிலை மாற்றலாமா, அடைத்தே விடலாமா?

சென்னையை அடுத்த சிங்கப்பெருமாள்கோவில் அருகேயுள்ள ஆலையில் 2007 முதல் பாகங்களை இணைத்துத் தயாரிக்கப்பட்ட பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் இ90 கார்கள் இன்று நம் ஊரில் மூன்றாவது, நான்காவது கைகளுக்கு வந்துவிட்டன. அவற்றில் செனான் விளக்கும் (ஹாலஜனைவிட அதிக வெளிச்சம் தரும் வகை), அதன்மேல் தண்ணீர் பீச்சிக் கழுவும் ஹெட்லைட் வாஷரும் பொருத்திய ஒரு காரை வைத்திருக்கும் எனக்கு வந்த சிக்கல் எளியது: இரவில் கழுத்துவரை நிரப்பிய வாஷர் தொட்டி காலையில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது, பம்பரில் தண்ணீர் பீச்சும் இடதுபக்க நாசிலின் மூடிக்குக் கீழே, போர்த் தண்ணீர் காய்ந்து காய்ந்து, சுண்ணாம்பு பூசியதுபோல ஒரு வெள்ளைக் கோடு படிந்திருந்தது. முதலில் காட்டிய பட்டறையில், தொட்டியிலிருந்து தண்ணீரைத் தள்ளும் மோட்டாரை மாற்றச் சொன்னார்கள். நான் மாற்றவில்லை, மாற்றியிருந்தாலும் அந்தக் கோடு மறைந்திருக்காது.

எந்த வழி நல்லது என்று ஒப்பிடுவதற்கு முன்பு, கசிவு எங்கே என்பதைத் தொட்டியே சொல்லிவிடும். நிற்கும் காரில் தண்ணீர், ஓட்டை இருக்கும் உயரம்வரைதான் இறங்கும். நாசில் வழியாக ஒழுகினால், நீர்மட்டம் நாசிலின் உயரத்துக்கு வந்ததும் சொட்டுவது நின்றுவிடும். தொட்டி அடிவரை காலியானால், குற்றவாளி பெரும்பாலும் தொட்டியின் அடியில் மோட்டார் செருகப்பட்டிருக்கும் ரப்பர் வளையம், அல்லது தொட்டியிலேயே விழுந்த விரிசல். வாஷரை இயக்கும்போது மட்டும் ஒழுகி, நிற்கும்போது ஒரு சொட்டும் விழவில்லை என்றால், அழுத்தம் ஏறும் இடமான ஓஸ் இணைப்பையோ, ஓஸ் இரண்டாகப் பிரியும் டி-பீஸையோ பார்க்க வேண்டும். தண்ணீரில் சிறிது கேசரிப் பொடியைக் கலந்து, காரின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால், பட்டறைக்குப் போகாமலேயே விடை கிடைக்கும்.

மோட்டாருக்கு அடியிலுள்ள ரப்பர் வளையத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் ஒழுகுகிறது என்றால் வேறு வழிகளோடு ஒப்பிடவே தேவையில்லை. புதியதை வாங்கி, சோப்புத் தண்ணீர் தடவி அழுத்திச் செருகினால் வேலை முடிந்தது. வளையத்தைச் சுற்றி எபாக்சிப் பசை அப்புவது மட்டும் வீண்வேலை, ஏனென்றால் இத்தகைய தொட்டிகள் செய்யப்படும் பாலிஎதிலீன், பாலிபுரோப்பிலீன் வகைப் பிளாஸ்டிக்குகளில் சாதாரணப் பசை பிடிப்பதில்லை. சில வாரங்களில் அது தோல்போல உரிந்து வந்துவிடும்.

உண்மையான தேர்வு தொடங்குவது நாசிலில்தான். இது வெறும் துளையல்ல. தண்ணீரின் அழுத்தத்தில் உருளைக்குள்ளிருந்து ஒரு தண்டு வெளியே நீளும், அது நீண்ட பிறகு வால்வு திறந்து பீச்சும், அழுத்தம் குறைந்ததும் ஸ்பிரிங் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த வால்வின் இருக்கையில் மணலோ உப்போ ஒட்டிக்கொண்டால், தொட்டியிலுள்ள நீரின் எடையே சொட்ட வைக்கப் போதுமானது. ஆகவே முதலில் செலவில்லாத வழியைப் பார்க்கலாம்: தண்டைக் கையால் வெளியே இழுத்துப் பிடித்து, வெள்ளை வினிகரில் நனைத்த துணியை அதன் தலையில் சுற்றி ஒரு மணிநேரம் வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் நான்கைந்து முறை பீச்ச விட வேண்டும். உப்பு மட்டுமே காரணமாக இருந்தால் இது கேட்கும். ஓஸ் செருகும் இடத்தில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் அதையும் தனியாக மாற்றலாம். தடவுவது சிலிகான் கிரீஸாக இருக்கட்டும், கனிம எண்ணெய்க் கிரீஸ் சில வகை ரப்பரை உப்ப வைத்துவிடும். ஆனால் உருளைக்கு உள்ளேயிருக்கும் சீல் போய்விட்டதென்றால், பழுதுபார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல தயாரிப்புகளில் உருளையின் மூடி உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். அறுத்துத் திறந்து மறுபடி ஒட்டியது முதல் முழு அழுத்தத்திலேயே விட்டுக்கொடுக்கும்.

அப்படியானால் முழு நாசிலையே மாற்ற வேண்டும். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய நாசில் விலையில் மனதைக் கவரும். ஆனால் அதன் ரப்பரும் நம் காரின் ரப்பருக்கு ஏறக்குறைய ஒரே வயது என்பதால், நாம் வாங்குவது அடுத்த ஒழுகலைத்தான். வெளித் தயாரிப்பாளரின் புதிய நாசில் நடுவழி: சீல் புதியது, ஆனால் ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் தண்டு முழுவதும் உள்ளே போகாமல், மூடி பம்பரிலிருந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். கம்பெனி பாகம் இந்த இரண்டு தொல்லையும் தருவதில்லை, விலைதான் தொல்லை. எதை வாங்கினாலும் பெயிண்ட் அடித்த மூடியைப் பழையதிலிருந்து பத்திரமாகக் கழற்றிக்கொள்ள வேண்டும். பல கார்களில் இந்த வேலைக்குப் பம்பரையே இறக்க வேண்டியிருக்கும்; பத்து, பதினைந்து வருட வெயிலில் வெந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் அப்போது சொல்லாமல் உடையும். அவற்றின் விலையையும் கணக்கில் சேர்த்த பிறகே இந்த வழியை அடைப்பதோடு ஒப்பிட வேண்டும்.

அடைப்பது என்றால் நாசிலில் பசை வைப்பதல்ல. ஹெட்லைட் வாஷருக்கான மோட்டாரின் வாயிலிருந்து ஓஸைக் கழற்றி, அங்கே ஒரு சாண் புது ஓஸைப் போட்டு, அதன் மறுமுனையில் போல்ட்டைச் செருகிக் கிளிப்பால் இறுக்க வேண்டும். மோட்டாரின் மின்செருகியையும் பிடுங்கி டேப் சுற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அது அடைபட்ட குழாயோடு முட்டிக்கொண்டே சூடாகும். அரைமணி நேர வேலை, செலவு அற்பம், அதே தொட்டியிலிருந்து முன்கண்ணாடிக்குப் போகும் தண்ணீரும் மிச்சம்.

இதற்கு எதிரான வாதம் ஒன்றுதான், அதுவும் சாதாரணமானதல்ல. ஐ.நா.வின் 48ஆம் எண் வாகன விளக்கு விதி, 2000 லூமெனுக்கு (லூமென் என்பது ஒளியின் அளவு) மேல் ஒளிதரும் லோ பீம், அதாவது தாழ்ந்து பாயும் ஒளிக்கான விளக்குகளுக்கு இந்த வாஷரைக் கட்டாயமாக்கியது. எச்7 ஹாலஜன் பல்பு ஏறக்குறைய 1500 லூமென் தரும். 35 வாட் செனான் 3200 லூமென் அளவில் தரும். அத்தனை வெளிச்சத்தை அழுக்குப் படிந்த விளக்கு மூடி சிதறடித்தால், எதிரே வருபவருக்குக் கண் கூசும். ஆகவே ஐரோப்பாவில் செனான் காரில் அடைத்துவிட்டு வாகனத் தகுதிச் சோதனைக்குப் போனால் தோல்விதான். பனிச்சேறு இல்லாத சென்னையில், ஹாலஜன் விளக்குக் காரென்றால் நான் தயங்காமல் அடைத்துவிடுவேன். செனான் காரில், மழைக்கால இரவுகளில் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் நாசிலை மாற்றுவதே முறை. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர், பாகம் வரும்வரை அடைத்து வைத்து, விளக்கை ஈரத் துணியால் துடைத்துச் சமாளிக்கலாம். உலர்ந்த துணி வேண்டாம், விளக்கு மூடியின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்துவிடும்.

என் காருக்கு வினிகர் பாதிதான் கேட்டது. இப்போது இடதுபக்கம் புதிய கம்பெனி நாசில் இருக்கிறது. இரண்டு கிளிப்புகள் உடைந்தன. தொட்டியில் போர்த் தண்ணீருக்குப் பதிலாக, வீட்டு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றுகிறேன், அதில் உப்பு கிடையாது. இரவு எந்த மட்டத்தில் நிரப்பினேனோ, காலையில் தண்ணீர் அங்கேயே நிற்கிறது.