புரொபேஷனில் இருப்பவர் அமெரிக்க ராணுவத்தில் சேர வேண்டுமானால்: மனு போடுவதா, முடியும்வரை காத்திருப்பதா?

அமெரிக்காவில் 19, 20 வயதில் கடையில் திருடியதற்கோ அடிதடிக்கோ குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கோ பிடிபடும் இளைஞர்கள் பலர் சிறைக்குப் போவதில்லை. நீதிபதி அவர்களை ‘புரொபேஷன்’ எனப்படும் நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே விடுகிறார். மாதாமாதம் கண்காணிப்பு அலுவலரைப் பார்க்க வேண்டும், அபராதம் கட்ட வேண்டும், சமூக சேவை மணிநேரங்களை முடிக்க வேண்டும், அனுமதியில்லாமல் வெளியூர் போகக் கூடாது. அந்த நிலையில் ஒருவருக்கு ராணுவத்தில் சேர்ந்து வாழ்க்கையைத் திருப்பிவிடலாம் என்ற ஆசை வருகிறது. ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போகிறார். “புரொபேஷன் முடிந்ததும் வாருங்கள்” என்று அனுப்பிவிடுகிறார்கள்.

இது அந்த அலுவலர் தன் விருப்பத்துக்குச் சொல்லும் பதில் அல்ல. படையில் சேர்வதற்கான தகுதிகளை வரையறுக்கும் பாதுகாப்புத் துறையின் 1304.26ஆம் எண் அறிவுறுத்தல், நீதிமன்றக் கட்டுப்பாட்டில் இருக்கும் யாரையும் சேர்க்கக் கூடாது என்கிறது. ஜாமீன், புரொபேஷன், சிறை, பரோல் எல்லாமே அதில் அடக்கம். இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தெளிவாகிவிடும். முன்பு செய்த குற்றத்துக்கு ராணுவம் விலக்கு தரலாம். இன்று இருக்கும் கட்டுப்பாட்டுக்கு விலக்கு என்று ஒன்று கிடையாது. கட்டுப்பாடு நீங்கிய பிறகுதான் விலக்குக் கோரிக்கையையே கையில் எடுப்பார்கள்.

ஆக, இருக்கும் வழிகள் எவை? கண்காணிப்பை முன்கூட்டியே முடித்துவைக்கச் சொல்லி மனுப்போடலாம். காலம் முடியும்வரை காத்திருக்கலாம். கடுமையான கண்காணிப்பை இலகுவானதாக மாற்றச் சொல்லிக் கேட்கலாம். இவற்றோடு ஊரில் அடிபடும் இன்னும் இரண்டு ‘வழிகள்’ உண்டு. அவை வழிகளே அல்ல என்பதால் அவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

நீதிபதியே ராணுவத்துக்கு அனுப்பிவைப்பார் என்ற நம்பிக்கை

வியட்நாம் போர்க் காலத்தில் “சிறைக்குப் போகிறாயா, ராணுவத்துக்குப் போகிறாயா?” என்று நீதிபதிகள் கேட்டதாகப் பழைய ஆட்கள் சொல்வார்கள். இன்று நீதிபதி அப்படிச் சொன்னாலும் ராணுவம் ஏற்காது. தரைப்படையின் ஆள்சேர்ப்பு விதிமுறையான 601-210, வழக்குக்கோ தண்டனைக்கோ மாற்றாக ஒருவரைச் சேர்ப்பதைத் தடை செய்கிறது. ஆள்சேர்ப்பு அலுவலர்கள் அத்தகைய ஏற்பாட்டில் நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கெடுக்கவும் கூடாது. “நீங்கள் ஒரு வார்த்தை நீதிபதியிடம் சொல்லுங்களேன்” என்று பெற்றோர் கெஞ்சும்போது அவர் மறுப்பது இரக்கமில்லாமல் அல்ல. சொன்னால் அவர் வேலைக்கே ஆபத்து.

பதிவை அழித்துவிட்டால் சொல்ல வேண்டாம் என்ற யோசனை

இதுதான் அதிகம் பேரைக் குழியில் தள்ளுவது. கலிஃபோர்னியாவில் தண்டனைச் சட்டம் 1203.4இன் கீழ் வழக்கைத் தள்ளுபடி செய்யவைக்கலாம், பல மாநிலங்களில் பதிவுக்கு முத்திரை வைக்கலாம். வாடகை வீடு, தனியார் வேலை போன்றவற்றுக்கு அது பெரிய உதவி. ராணுவம் கேட்கும் கேள்வி வேறு. அழிக்கப்பட்டவை, முத்திரையிடப்பட்டவை, சிறுவர் நீதிமன்றத்தில் நடந்தவை உட்பட எல்லாவற்றையும் சொல்லச் சொல்கிறார்கள். சேர்க்கைப் பரிசோதனை நிலையத்தில் கைரேகை எடுத்து எஃப்பிஐ பதிவுகளோடு ஒப்பிடுகிறார்கள். மறைத்துச் சேர்ந்தால் அது ராணுவ நீதிச் சட்டத்தின் 104ஏ பிரிவின்படி மோசடிச் சேர்க்கை என்ற குற்றம். பழைய சிறு தவறு விலக்கு பெற்றிருக்கக்கூடிய ஒன்றாகவே இருந்திருக்கலாம். அதை மறைத்த பொய்தான் ஆளை வெளியேற்றும். பதிவை அழிப்பது நல்லதுதான், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ராணுவப் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதுவதற்காகச் செய்யாதீர்கள்.

மனுவா, காத்திருப்பா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிபந்தனைகள் எல்லாம் முடிந்து, இன்னும் ஓர் ஆண்டோ அதற்கு மேலோ மிச்சம் இருந்தால் மனுப்போடுவதே சரி. மூன்று நான்கு மாதம்தான் பாக்கி என்றால் பேசாமல் காத்திருக்கலாம். வழக்கறிஞர் கிடைத்து, மனு தாக்கலாகி, அரசு வழக்கறிஞருக்கு அறிவிப்புப் போய், விசாரணைத் தேதி வருவதற்குள்ளேயே அந்தக் காலம் ஓடிவிடும்.

ஆனால் எந்த ஊர் நீதிமன்றம், என்ன குற்றம் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். கூட்டாட்சி நீதிமன்றத்தில் சட்டம் தெளிவானது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பின் 3564ஆம் பிரிவின்படி, சிறு குற்றமானால் எப்போது வேண்டுமானாலும், பெருங்குற்றமானால் ஓராண்டு கழிந்த பின்பும் நீதிபதி கண்காணிப்பை முடித்துவைக்கலாம். அவர் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு: அந்த நபரின் நடத்தை, நீதியின் நலன்.

கலிஃபோர்னியாவில் 1203.3 பிரிவு நீதிபதிக்கு எந்த நேரத்திலும் முடித்துவைக்கும் அதிகாரம் தருகிறது. அதோடு 2021 ஜனவரி முதல் அங்கே கண்காணிப்புக் காலமே குறைந்துவிட்டது: பெரும்பாலான சிறு குற்றங்களுக்கு அதிகபட்சம் ஓராண்டு, பெருங்குற்றங்களுக்கு இரண்டு ஆண்டு. அதனால் அங்கே காத்திருப்பது பலருக்குத் தாங்கக்கூடியதுதான். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு மட்டும் வேறு. அதற்குப் போக்குவரத்துச் சட்டமே 3 முதல் 5 ஆண்டுக் கண்காணிப்பு என்று தனியாகச் சொல்கிறது. காலம் நீளமாக இருப்பதால் மனுவின் தேவை அங்கேதான் அதிகம், நீதிபதிகள் தயங்குவதும் அங்கேதான்.

டெக்சாஸில் தீர்ப்பாகித் தண்டனை பெற்றவருக்கு, மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது இரண்டு ஆண்டு, இவற்றில் எது குறைவோ அது கழிந்தபின் நீதிபதி முடித்துவைக்கலாம். போதையில் வண்டி ஓட்டிய வழக்கில் தண்டனை பெற்றவருக்கு இந்தச் சலுகையே கிடையாது. அவருக்குக் காத்திருப்பு ஒன்றுதான் வழி. அங்கே தீர்ப்பைத் தள்ளிவைத்துக் கண்காணிப்பில் விடும் ‘டிஃபெர்ட் அட்ஜுடிகேஷன்’ முறையும் உண்டு. அதில் குறைந்தபட்சக் காலம் இல்லாமலே நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்யலாம். ஆனாலும் ராணுவத்தின் பார்வையில் அது சுத்தமான விடுதலை அல்ல. நிபந்தனையோடு முடிந்த வழக்கை அவர்கள் பாதகமான தீர்ப்பாகவே எண்ணுகிறார்கள்.

இனி மனுவின் உள்ளே வருவோம். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பதைப் போன்ற சிக்கல் ஒன்று இதில் இருக்கிறது. புரொபேஷன் முடிந்தால்தான் பேசுவேன் என்கிறது ராணுவம். ராணுவம் எடுக்கும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறது நீதிமன்றம். ஆள்சேர்ப்பு அலுவலரிடமிருந்து உறுதிக் கடிதம் எதிர்பார்க்க முடியாது. அதனால் ‘எனக்கு ராணுவத்தில் சேர வேண்டும்’ என்பதையே மனுவின் அடித்தளமாக வைத்தால் அது ஆடிப்போகும்.

நடத்தைதான் அடித்தளம். அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் கட்டிய ரசீது, பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டை முழுவதும் கொடுத்த சான்று, சமூக சேவை முடித்த கடிதம், சுத்தமாக வந்த போதைப் பரிசோதனை முடிவுகள், வேலை அல்லது படிப்புச் சான்று ஆகியவை முதலில் வர வேண்டும். இழப்பீடு பாக்கி இருந்தால் அரசு வழக்கறிஞர் எழுந்து எதிர்ப்பது அநேகமாக நிச்சயம். அதன்பின் ராணுவத்தைக் காரணமாகச் சேர்க்கலாம்: கண்காணிப்பில் இருப்பவரைச் சேர்க்க முடியாது என்ற விதியின் அச்சுப் பிரதி, உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ், ராணுவ நுழைவுத் தேர்வான ‘ஆஸ்வாப்’ மாதிரித் தேர்வு மதிப்பெண், வயது வரம்பு நெருங்குவதைக் காட்டும் ஒரு வரி. கண்காணிப்பு அலுவலர் ஆதரிக்கிறாரா என்பதை மனுவுக்கு முன்பே நேரில் கேட்டுவிட வேண்டும். “எனக்கு ஆட்சேபம் இல்லை” என்று அவர் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

மனு தள்ளுபடியானால் கண்காணிப்பு பழையபடி தொடரும், அவ்வளவுதான். ஆனால் ஏதாவது நிபந்தனையை மீறியிருந்தால் மனு அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். அந்த நிலையில் இருப்பவர் மனுவைத் தொடவே வேண்டாம்.

வயது விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மரைன் படையின் வரம்பு 28. 24 வயதில் ஐந்தாண்டுக் கண்காணிப்பு பெற்றவர் காத்திருந்தால் அந்தக் கதவு வழக்கமான முறையில் மூடிவிடும். கடற்படை 2022இல் வரம்பை 41 ஆக்கியது, விமானப்படை 2023இல் 42 ஆக்கியது. அவற்றை நினைப்பவருக்கு அவசரம் குறைவு.

கடுமையான கண்காணிப்பை அலுவலர் இல்லாத கண்காணிப்பாக மாற்றுவது நடுவழி. சட்டத்தை மீறாமல் இருந்தால் போதும், வேறு நிபந்தனையே இல்லை என்ற அளவுக்கு அது இலகுவானால் தரைப்படையின் விதிமுறையில் இடம் உண்டு. மற்றப் படைகள் அதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நீதிபதி முழுமையாக முடிக்க மறுத்தால் அடுத்துக் கேட்க வேண்டியது இதுதான்.

மனுவுக்கு முன்னால் ஒரு கேள்வி

வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்கும் முன், இந்தக் குற்றத்துக்கு விலக்கு கிடைக்கவே கிடைக்குமா என்று கேட்டாக வேண்டும். குடும்ப வன்முறையில் தண்டனை பெற்றிருந்தால், அது சிறு குற்றமாக இருந்தாலும், 1996ஆம் ஆண்டின் லாட்டன்பெர்க் திருத்தம் துப்பாக்கி வைத்திருக்கவே தடை போடுகிறது. அதற்கு ராணுவ விலக்கு இல்லை. கடும் பாலியல் குற்றங்களுக்கும் இல்லை. மற்றப் பெருங்குற்றங்களுக்கு, தகுதியுள்ளவர் என்று கருதினால் விதிவிலக்குத் தரலாம் என்று அதே சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பின் 504ஆம் பிரிவு சொல்கிறது. ஆள்சேர்ப்பு அலுவலரால் நீதிமன்றத்தில்தான் பேச முடியாது. “கண்காணிப்பு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம், இந்தக் குற்றத்தோடு என்னை ஏற்பார்களா?” என்று அவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

காலத்தையும் பார்க்க வேண்டும். இராக் போர் நடந்த 2007 நிதியாண்டில் தரைப்படை 511 பெருங்குற்ற விலக்குகளைத் தந்தது, முந்திய ஆண்டு 249தான். 2022இல் தரைப்படைக்கு இலக்கில் 15,000 பேர் குறைந்தார்கள். 2025லோ இலக்கை நான்கு மாதம் முன்பே எட்டிவிட்டது. ஆள் கிடைக்கும் காலத்தில் விலக்குக் கேட்பவருக்கு முன்னுரிமை குறையும் என்பதே என் கணிப்பு.

கிரீன் கார்டு வைத்திருக்கும் நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அவர்களும் படையில் சேரலாம். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு கண்காணிப்பு பெற்றாலே குடிவரவுச் சட்டத்தில் அது தண்டனையாகிவிடும், பின்னால் மாநில நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தாலும். கண்காணிப்பு நடக்கும்வரை குடியுரிமை விண்ணப்பத்தையும் அங்கீகரிக்க மாட்டார்கள். குற்றவியல் வழக்கறிஞர் மட்டும் போதாது, மனுவை எழுதும் முன் குடிவரவு வழக்கறிஞரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மனு வென்றால் அன்றே நீதிமன்ற எழுத்தரிடம் முத்திரையிட்ட உத்தரவு நகல்கள் இரண்டு மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். ‘விடுவிக்கப்பட்டார்’ என்ற வாசகமும் தேதியும் வழக்கு எண்ணும் அதில் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கைது அறிக்கை, தீர்ப்பு, அபராத ரசீது ஆகியவற்றையும் சேர்த்து ஒரே கோப்பில் ஆள்சேர்ப்பு அலுவலரிடம் கொடுங்கள். விலக்குக் கோரிக்கைக்கு அவர் கேட்கப்போவது இந்தக் காகிதங்களைத்தான்.