குன்னூர் ஈரத்தில் ஒரு கன் டிரக்: சில மழைக்காலங்கள் தாண்டிய 1/35 மாடலின் அனுபவம்

மாடல் கிட் விமர்சனங்கள் பெரும்பாலும் பெட்டியைத் திறந்த வாரத்திலேயே எழுதப்பட்டுவிடுகின்றன. பாகங்கள் சுத்தமாக வந்திருக்கின்றனவா, டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்து, படம்) அச்சு தெளிவா என்பதோடு சரி. கட்டி முடித்த மாடல் அலமாரியில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் எழுதக் காணோம். அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும் குன்னூரில். என்னிடம் இருப்பது வியட்நாம் போரில் ஓடிய எம்35 இரண்டரை டன் லாரியின் கன் டிரக் வடிவம், அதாவது சரக்கு லாரிகளுக்குக் காவலாகத் துப்பாக்கி ஏற்றிய லாரி. 1/35 அளவு, நிஜத்தில் 35இல் ஒரு பங்கு. கம்பெனி பெயர் வேண்டாம். இங்கே சொல்லும் குறைகள் இந்த வகைக் கிட்கள் பலவற்றுக்கும் பொதுவானவை.

வண்டியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் கட்டினால் பச்சை பெயின்ட் அடித்த லாரி ஒன்று மிஞ்சும், அவ்வளவுதான்.

வியட்நாமின் கடற்கரை ஊர் குய் நோனிலிருந்து மேட்டுநிலத்தில் இருக்கும் பிளேக்குவுக்கு நெடுஞ்சாலை 19 ஏறுகிறது. வழியில் அன் கே, மாங் யாங் என்று இரண்டு கணவாய்கள். 1954 ஜூனில் இதே சாலையில்தான் பிரெஞ்சுப் படையின் ‘குரூப் மொபில் 100’ சின்னாபின்னமானது. அப்புறம் அமெரிக்கர்களின் முறை. அவர்களின் சரக்குப் போக்குவரத்துப் படைப்பிரிவான 8ஆவது டிரான்ஸ்போர்ட்டேஷன் குரூப்பின் லாரிகள் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு அதே வழியில் போய்வந்தன. 1967 செப்டம்பர் 2 அன்று 37 லாரிகள் கொண்ட ஒரு கான்வாயைக் கம்யூனிஸ்ட் படையினர் பதுங்கியிருந்து தாக்கினார்கள். 30 லாரிகள் எரிந்தோ உடைந்தோ போயின. ஏழு பேர் செத்தார்கள். அன் கே கணவாயில் ‘டெவில்ஸ் ஹேர்பின்’ என்றே ஒரு வளைவுக்குப் பெயர். பர்லியாறு தாண்டி லோடு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் லாரி ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். மேலே புதரில் காத்திருப்பவனுக்கு அது போதும்.

அதன் பிறகு அந்தக் குரூப்பின் தளபதி கர்னல் ஜோ பெல்லினோவின் ஆட்கள் சில லாரிகளில் சரக்கை இறக்கிவிட்டுத் துப்பாக்கியை ஏற்றினார்கள். பத்து லாரிக்கு ஒரு கன் டிரக் என்பது கணக்கு. முதலில் பின்பெட்டியைச் சுற்றி மணல்மூட்டை அடுக்கி, இரண்டு எம்60 இயந்திரத் துப்பாக்கிகள் வைத்தார்கள். மழையில் மணல் நனைந்து கனத்துப் போனது. ஏற்கெனவே திணறிய இன்ஜின் இன்னும் திணறியது. ஆகவே கிடைத்த இரும்புத் தகட்டையெல்லாம் வெட்டி வெல்டிங் வைத்தார்கள். எம்60க்குப் பதில் இன்னும் பெரிய .50 எம்2 இயந்திரத் துப்பாக்கி வந்தது, சிலதில் ஆறு குழல் மினிகன்கூட ஏறியது. இந்த எடைக்கு இரண்டரை டன் லாரி தாங்காது என்று தெரிந்ததும் ஐந்து டன் எம்54க்கு மாறினார்கள். வரைபடம், டெண்டர் எதுவும் கிடையாது. ஓட்டுகிறவர்களே பட்டறையில் செய்துகொண்டதால் ஒரு வண்டி இன்னொன்றைப் போல இருக்காது. நம் ஊர் லாரியில் குலசாமி பேர் எழுதுவது போல அவர்களும் பக்கவாட்டில் பெரிதாகப் பேர் எழுதினார்கள்: ‘கிங் கோப்ரா’, ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’, ‘ப்ரூட்டஸ்’. 1971 பிப்ரவரி 23 அன்று அன் கே அருகே, வண்டிக்குள் விழுந்த கையெறி குண்டின் மேல் தானே பாய்ந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றிய லாரி டால் இந்த ‘ப்ரூட்டஸ்’ ஆள்தான். அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் அவருக்கு இறந்த பிறகு கிடைத்தது. போர் முடிந்து அமெரிக்காவுக்குத் திரும்பி வந்த கன் டிரக் ஒன்றே ஒன்று, ‘ஈவ் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்’. வர்ஜீனியாவின் ஃபோர்ட் யூஸ்டிஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

சரி, கிட்டுக்கு வருவோம். இதன் பெரிய குறையே அதன் ஒழுங்குதான். கவசத் தகடு கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் கனத்தில் வார்க்கப்பட்டிருக்கிறது. 35ஆல் பெருக்கிப் பாருங்கள், மூன்றரை சென்டிமீட்டர்! நிஜத்தில் கால் அங்குலம், அரை அங்குலத் தகடுகள்தான். அளவுப்படி 0.2இலிருந்து 0.4 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். பெட்டியில் வந்த தகடுகளை அளவு எடுக்க மட்டும் வைத்துக்கொண்டு, கவசப் பெட்டி முழுவதையும் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டினேன். விளிம்பை வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக விட்டேன். வெல்டிங் தழும்புக்கு, சூட்டில் இழுத்த மெல்லிய பிளாஸ்டிக் இழையை ஒட்டி, பசையில் இளகியதும் கத்தி முனையால் கொத்தினால் போதும். மாடலைப் பார்க்கிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

இன்னொரு விஷயத்தை எங்கள் தெருவில் இருக்கும் முன்னாள் ராணுவ ஓட்டுநர் ஒருவர் சொன்னார். வெலிங்டனில் வேலை பார்த்தவர், சக்திமான் காலத்து ஆள். பாகங்களைப் பசை போடாமல் பொருத்தி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, “தம்பி, லோடு இருக்கற வண்டி இப்படி நெஞ்ச நிமித்திட்டு நிக்குமா? ஸ்பிரிங் பட்டை அமுங்கணும்ல?” என்றார். “கிட்ல அப்படித்தாண்ணே குடுத்திருக்கான்” என்றேன். “குடுத்தவன் லாரி ஓட்டிருக்க மாட்டான்” என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கப் போய்விட்டார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கிட்டின் ஸ்பிரிங் காலி லாரிக்கானது. பின் அச்சுக்கும் சேஸிக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் அரைத்து எடுத்ததும்தான் வண்டிக்கு எடையே வந்தது. கன் டிரக் கட்டுகிற யாரும் இதை விட்டுவிடாதீர்கள். கடையில் வாங்கும் எந்த உதிரி பாகமும் இந்த வித்தியாசத்தைத் தராது.

பெயின்ட். நீலகிரியில் லாக்கர் ஸ்பிரே அடிப்பதென்றால் பஞ்சாங்கம் பார்க்க வேண்டும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படிகிறது, பெயின்ட் வெள்ளை பூத்துவிடுகிறது. தை, மாசியில் மூடுபனி இல்லாத முற்பகலும் மதியமும்தான் எனக்குத் தோதான நேரம். மற்ற மாதங்களில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கைத் தூரிகையால் பூசுவதே நிம்மதி. தாமியா கம்பெனியின் எக்ஸ்எஃப்-62 ஆலிவ் டிராப் (ராணுவப் பச்சை) அடித்த சேஸி இன்றைக்கும் நிறம் மாறவில்லை. பல கன் டிரக்குகளுக்குக் கறுப்பு அடித்திருந்தார்கள். ஒளியாமல் பயமுறுத்துவது நோக்கம். மாடலில் சுத்தக் கறுப்பு அடித்தால் வெல்டிங், ஆணி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்எஃப்-85 ரப்பர் பிளாக் அந்த வேலைக்குச் சரியாக இருக்கிறது. செம்மண் தூசிக்கு ஓவியக் கடையில் கிடைக்கும் பேஸ்டல் சாக்கைத் தேய்த்த பொடி போதும். தோட்டத்து மண்ணைச் சலித்துப் பூசிய நண்பரின் மாடலில் அடுத்த ஆடி மாதம் பூஞ்சை முளைத்தது. இலைமக்கு கலந்த மண்ணை எவ்வளவு சலித்தாலும் இதுதான் கதி.

வருஷம் போகப்போகத்தான் சக்கரத்தின் குணம் தெரிந்தது. வினைல் டயர் பார்க்க அழகு, பூசுகிற வேலை மிச்சம். ஆனால் அதை மிருதுவாக்கச் சேர்த்த ரசாயனம் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்குகிறது. இரண்டு சக்கரங்களில் ரிம்மின் ஓரம் பிசுபிசுத்துவிட்டது. அவற்றுக்கு ரெசின் சக்கரம் வாங்கிப் போட்டேன். சுங்க வரியும் கூரியரும் சேர்ந்து சக்கரத்தின் விலையையே தாண்டின. அந்தக் கணக்கை வீட்டில் சொல்லவில்லை. முதலிலிருந்து கட்டுபவர்கள் ரிம்முக்கு நன்றாகப் பெயின்ட் பூசி, முழுக்கக் காய்ந்த பிறகு டயரை மாட்டினால் கொஞ்ச காலம் தள்ளலாம். ரெசினே போட்டுவிட்டால் கவலையே இல்லை.

ஏரியலுக்கு இரும்புக் கம்பி கூடவே கூடாது, ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். பித்தளைக் கம்பி போடுங்கள். துப்பாக்கிக் குழலும் பித்தளையில் தனியாகக் கிடைக்கிறது, அந்தச் செலவு தகும். பக்கவாட்டுப் பெயர் டெக்கலுக்கு அடியில் பளபளப்பான (கிளாஸ்) வார்னிஷ் அடித்திருந்ததால் ஓரம் கிளம்பவில்லை. கண்ணாடிப் பெட்டியை இறுக்க மூடி வைக்காதீர்கள். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போகாது. பின்பக்கம் விரல் நுழையும் சந்து விட்டு, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்து, அதை அவ்வப்போது சூடான தோசைக்கல்லில் வறுத்து எடுத்து மறுபடி வைக்கிறேன்.

புதிதாக மாடல் கட்ட வருபவருக்கு இந்தக் கிட்டைச் சொல்ல மாட்டேன். சேஸியில் அச்சும் ஸ்பிரிங்கும் நிறைய, பொறுமை போய்விடும். இரண்டு மூன்று வண்டி கட்டிக் கை பழகியவர் தாராளமாக வாங்கலாம், தகடுகளைத் தூக்கிப் போடும் மனசு இருந்தால். எனக்கு அடுத்தது ஐந்து டன் எம்54தான். எம்113 கவச வண்டியின் உடலை அப்படியே தூக்கி லாரியின் முதுகில் வைத்த வடிவம் ஒன்று உண்டு. அதற்கு இரண்டு கிட் வேண்டும், பின் ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் அரைக்கவும் வேண்டும்.