புதுமைக்கு எந்த வழி: நேரம் தருவதா, தனிக் குழுவா, எல்லோரிடமும் கேட்பதா?

புதிதாக ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று நினைக்கும் தலைமை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைக் கையிலெடுக்கிறது. மூன்றும் வென்ற வழிகள்தான். ஆனால் எல்லா நிறுவனத்துக்கும் எல்லாம் ஒத்துவராது.

அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனம் 1948 முதல், ஊழியர்களை வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிட விடுகிறது. அங்கே 1968இல் ஸ்பென்சர் சில்வர் பலமான பசையைத் தேடப்போய், லேசாக ஒட்டி எளிதில் உரிந்துவரும் பசையைக் கண்டுபிடித்தார். அதை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் பிடிபடவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் இருந்த சக ஊழியர் ஆர்ட் ஃப்ரை, பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளச் சீட்டு நழுவி விழாமலிருக்க 1974இல் அதைப் பயன்படுத்திப் பார்த்தார். அதிலிருந்து பிறந்த போஸ்ட்-இட் என்ற ஒட்டி உரிக்கும் குறிப்புச் சீட்டு அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது 1980இல். பன்னிரண்டு வருஷம்! அவ்வளவு பொறுமை இல்லாத இடத்தில், ஒதுக்கிய நேரத்தை மாதாந்திர இலக்குகள் தின்றுவிடும்.

அவசரம் என்றால் தனிக் குழுதான். விமானத் தயாரிப்பு நிறுவனமான லாக்ஹீடில் பொறியாளர் கெல்லி ஜான்சன் 1943இல் ஒரு சிறு குழுவை வைத்துக்கொண்டு 143 நாளில் ஜெட் போர் விமானத்தின் முன்மாதிரியை முடித்துக் கொடுத்தார். குழுத் தலைவருக்கு முழு அதிகாரம், குறைவான ஆட்கள், குறைவான அறிக்கைகள். அங்கே ராணுவம் வாங்கக் காத்திருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஜெராக்ஸ் 1970இல் தொடங்கிய பார்க் (PARC) ஆய்வகத்தின் கதை வேறு. மவுஸும் திரைச் சாளரங்களும் கொண்ட ஆல்டோ கணினி 1973லேயே அங்கே தயார். ஆனால் நகல் இயந்திரம் விற்றுப் பழகிய தாய் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுபோகவில்லை. அதே ஆய்வகத்தில் பிறந்த லேசர் பிரிண்டரோ அந்த வியாபாரத்தோடு ஒட்டிப்போனது, நன்றாகச் சம்பாதித்தும் கொடுத்தது.

சரி, மூன்றாவது? டொயோட்டாவில் 1951இலிருந்து ஊழியர் யோசனைத் திட்டம் இருக்கிறது. உற்பத்தி வரிசையில் கோளாறைப் பார்க்கும் தொழிலாளி எச்சரிக்கைக் கயிற்றை இழுக்கலாம், அல்லது அதற்கான பொத்தானை அழுத்தலாம். குழுத் தலைவர் உடனே அங்கே வந்தாக வேண்டும், குறித்த இடத்துக்குள் சரியாகவில்லை என்றால் வரிசையே நிற்கும். எச்சரித்தவரை யாரும் திட்டுவதில்லை. இதில் அதிரடிக் கண்டுபிடிப்புகளை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் பெரும்பாலான நிறுவனங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பெரிய முதலீடு வேண்டாம், மேலே இருப்பவர்கள் காதுகொடுத்துக் கேட்கிறார்களா என்பதும் சில வாரத்திலேயே தெரிந்துவிடும். அது நடக்காத இடத்தில் மற்ற இரண்டுக்கும் காசு போடுவது வீண்.

தனிக் குழுவை அதன் பிறகு, ஒரே ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்காக மட்டும் போடுங்கள். அவர்கள் செய்து முடிப்பதை எந்தப் பிரிவு வாங்கி விற்கப்போகிறது என்பதை முதல் நாளே முடிவுசெய்து, அந்தப் பிரிவின் மேலாளரையும் கூட்டத்தில் உட்கார வையுங்கள்.