கண்மாயில் ஓட்டிக் காட்டி விற்கும் கயாக்: காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தார் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கயாக் என்கிற சிறு துடுப்புப் படகு வாங்கி, தொண்டி, மீமிசல், தேவிபட்டினம் கரையோரம் தூண்டில் போடலாம், விடுமுறையில் பிள்ளைகளோடு துடுப்புப் போடலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். மழைக்குப் பிறகு கண்மாய்கள் நிறைந்து கிடக்கும் தை, மாசியில் இந்த விற்பனை சூடு பிடிக்கிறது. விற்பவர் வண்டியில் ஏற்றிக் கொண்டுவருகிறார். பக்கத்துக் கண்மாயில் இறக்கி, பிள்ளையை முன்னால் உட்கார வைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறார். படகு ஆடவில்லை, இருக்கை நனையவில்லை. "கடலுக்குன்னே செஞ்சதுண்ணே, கண்ண மூடிட்டு வாங்குங்க" என்கிறார். கரையிலேயே பணம் கைமாறுகிறது.

தேவகோட்டைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு அப்படித்தான் 38,000 ரூபாய்க்கு ஒரு கயாக் விற்கப்பட்டது. 8 அடி நீளம், 27 அங்குல அகலம், குழிக்குள் இறங்கி உட்காரும் சிட்-இன்சைட் வகை. ஏரியில் பொழுதுபோக்குக்கு ஓட்டுவதற்கென்று செய்தது அது. விற்றவர் தூண்டில் கம்பைச் செருகி வைக்கும் ராட் ஹோல்டர்களைப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துளைபோட்டுப் பொருத்தி, "150 கிலோ" என்று ஸ்டிக்கர் ஒட்டி, 'கடல் மீன்பிடி கயாக்' ஆக்கிவிட்டார். தொண்டியில் இறக்கிய அன்று, கரையிலிருந்து அதிக தூரம் போகும் முன்பே, கடந்துபோன விசைப்படகு கிளப்பிய அலை பக்கவாட்டில் அடித்தது. குழி நிறைந்தது, படகு கவிழ்ந்தது. அந்த இடத்தில் தண்ணீர் நெஞ்சளவுதான் என்பதால் அப்பாவும் மகனும் நடந்தே கரைக்கு வந்தார்கள். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், சராசரியே 9 மீட்டர் அளவுதான். ஆனால் எல்லா இடத்திலும் கால் எட்டும் என்று நம்பிப் போகக் கூடாது.

திருப்பிக் கொடுக்கப் போனபோது கிடைத்த பதில்: "உப்புத் தண்ணி பட்டா வாரண்டி கிடையாது." கடலுக்கென்று விற்ற பொருளுக்கு! கையிலிருந்த ரசீதிலோ "பிளாஸ்டிக் போட் 1" என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை.

இந்த வட்டாரத்தில் கயாக் வாங்கி ஏமாந்தவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் அந்தக் கண்மாய்தான். அலையில்லாத, இடுப்பளவுத் தண்ணீரில் எதைப் போட்டாலும் மிதக்கும். கடலில் காலை வாரும் குறைகள் ஒன்றுகூட அங்கே வெளியே தெரியாது.

முதலில் வகை. சிட்-இன்சைட் கயாக்கின் முன்னும் பின்னும் தடுப்புச்சுவரோ காற்றுப்பையோ இல்லாவிட்டால், ஒருமுறை கவிழ்ந்தால் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே நிற்கும். நடுக்கடலில் அதை இறைத்து மறுபடி ஏறுவது புதியவரால் ஆகாது. தொடங்குபவர் வாங்க வேண்டியது மேலே உட்காரும் சிட்-ஆன்-டாப் வகை. அதன் உடம்பு முழுவதும் மூடியது, மேலே விழுகிற தண்ணீர் ஸ்கப்பர் என்கிற அடித்துளைகள் வழியாகத் தானாக வடிந்துவிடும். ஒருவர் தூண்டில் போட 11 முதல் 12 அடி நீளம், 31 முதல் 33 அங்குல அகலம் இருந்தால் பாக் விரிகுடாவின் குட்டையான, அடுத்தடுத்து வரும் அலைக்குச் சரியாக இருக்கும். 8 அடிப் படகு ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் மூக்கைத் திருப்பிக்கொள்ளும், எதிர்க்காற்றில் முன்னேறாது. 36 அங்குலத்தைத் தாண்டினால் நின்றுகொண்டே தூண்டில் போடலாம், ஆனால் கரை திரும்புவதற்குள் தோள் கழன்றுவிடும்.

அடுத்தது எடை. இதில்தான் அதிக ஏமாற்று நடக்கிறது. ஸ்டிக்கரில் இருக்கும் கிலோ, படகு முழுகுவதற்குச் சற்று முந்தைய கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலில் பயன்படுத்தக்கூடியது அதில் 65 சதவீதம். 150 என்று போட்டிருந்தால் 97 கிலோ. 82 கிலோ அப்பா, 28 கிலோ மகன், குடிதண்ணீர், ஐஸ் பெட்டி, நங்கூரம், தூண்டில் சாமான் சேர்த்து 19 கிலோ என்றால் மொத்தம் 129. அதாவது கரையிலேயே 32 கிலோ அதிகம். "உப்புத் தண்ணில கூட மிதக்கும்ணே" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். கடல்நீர் ஏறத்தாழ இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது என்பது உண்மை. 150 கிலோவுக்கு அதனால் கிடைப்பது நாலு கிலோகூட இல்லை.

சிட்-ஆன்-டாப் விற்பவர்கள் இந்த மிகை எடையை மறைக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஸ்கப்பர் துளைகளில் ரப்பர் அடைப்பான்களைச் செருகிவிட்டுத்தான் கண்மாயில் இறக்குவார்கள். "இருக்கை நனையாது, இதுக்குத்தான் இந்த பிளக்" என்று அதற்கும் தனியாகக் காசு வாங்குவார்கள். அடைப்பானைப் பிடுங்கிவிட்டு, உங்கள் முழு எடையோடும் சாமானோடும் உட்கார்ந்து பாருங்கள். துளை வழியாகத் தண்ணீர் மேலேறி இருக்கையில் தேங்கி நின்றால் அந்தப் படகு உங்கள் எடைக்குப் போதாது. கடலில் எல்லாத் துளைகளையும் அடைத்துக்கொண்டு போவதும் ஆபத்து. மேலே விழுந்த அலை வடிய வழியில்லாமல் கால்குழியிலேயே நின்று, படகு பக்கம் சாயும்.

குடும்பத்தோடு போகவும் தனியாகத் தூண்டில் போடவும் ஒரே படகு வேண்டும் என்பவர்கள் 12 முதல் 13 அடி இரட்டை இருக்கைக் கயாக் பார்க்கலாம். நடுவில் மூன்றாவது இருக்கைக் குழி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தனியாகப் போகும்போது நடுவில் உட்காரலாம். பின்னிருக்கையில் தனியாக உட்கார்ந்தால் மூக்கு தூக்கிக்கொண்டு காற்றுக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். இரண்டு பெரியவர்களும் சாமானும் சேர்ந்து 155 கிலோ என்றால் ஸ்டிக்கர் 240 கிலோவாவது சொல்ல வேண்டும். இதன் சொந்த எடையே 30 கிலோவைத் தாண்டும். தொண்டிப் பக்கம் கரையோரம் சேறும் ஆழமில்லாத் தண்ணீரும் நீளமாகக் கிடக்கும், இரண்டு பேர் தூக்கி நடக்க வேண்டிவரும் என்பதை யோசித்து வாங்குங்கள்.

தேவகோட்டைக் குடும்பம் வாங்கிய அந்தக் கயாக்கில் தண்ணீர் புக வேறு வழியும் இருந்தது. ராட் ஹோல்டர்களைச் சாதாரண பாப் ரிவெட்டால் அடித்திருந்தார்கள். அதன் நடுவில் துளை திறந்தே இருக்கும். அடியில் கேஸ்கெட்டும் இல்லை, சீலன்ட்டும் இல்லை. கயாக்குக்கு நுனி மூடிய ரிவெட் அல்லது உள்ளிருந்து நட் போட்ட உப்புக்குத் தாங்கும் 316 தர ஸ்டெயின்லெஸ் போல்ட்தான் போட வேண்டும். ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். கைப்பிடி, இருக்கைக் கொக்கி, ஸ்குரூ எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். பட்டென்று ஒட்டினால் அது துத்தநாகம் பூசிய இரும்பு, உப்புக்காற்றில் ஒரு பருவம்கூடத் தாங்காது.

பழைய கயாக்கைப் புதியது என்று விற்பதும் நடக்கிறது. அடிப்பகுதியில், இருக்கைக்கு நேர் கீழேயும் ஸ்கப்பர் துளைகளின் விளிம்பிலும் விரலால் தடவுங்கள். மயிரிழை விரிசல் முதலில் அங்கேதான் வரும். வெயிலில் வருடக்கணக்கில் கிடந்த பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் கையில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒட்டும். பிறகு ஹேட்சை, அதாவது சாமான் வைக்கும் திறப்பின் மூடியை, திறந்து உள்ளே தலைகாட்டி, வெளியிலிருந்து ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். சில இடம் மட்டும் அதிகமாக வெளிச்சம் காட்டினால் அங்கே சுவர் மெலிந்திருக்கிறது. விரிசலின் மேல் எபாக்சியோ எம்-சீலோ பூசிப் பெயின்ட் அடித்திருந்தால் வாங்கவே வேண்டாம். கயாக் செய்யும் பாலிஎத்திலீனில் அவை பிடிக்காது, நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வரும். அதே பிளாஸ்டிக் கம்பியை வைத்துச் சூடுகாற்றால் வெல்டிங் செய்வதுதான் சரியான வேலை.

கசிவைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். ரிவெட், ஸ்கப்பர், கைப்பிடி ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிவிட்டு, உள்ளே சேரும் தண்ணீரை வடிக்கும் டிரெயின் துளையில் வாய்வைத்து ஊதுங்கள். ஹேட்ச் மூடி ஓரம் கொஞ்சம் குமிழி வருவது இயல்பு, மற்ற இடத்தில் வந்தால் ஓட்டை. கம்ப்ரசர் காற்றை மட்டும் பிடிக்க விடாதீர்கள், உடம்பே பிளந்துவிடும்.

காற்றடைக்கும் கயாக்கைப் பற்றியும் கேட்கிறார்கள். மெல்லிய பிவிசியில் செய்த மலிவு ரகங்களை மீன்பிடிக்க வாங்காதீர்கள். திருக்கை முள், கெளிற்று முள், சிப்பி ஒட்டிய கல் எதுவும் அதைக் கிழிக்கும். காலால் மிதிக்கும் பெடல் வகையும் இந்தக் கடலுக்குத் தோதில்லை. பாக் விரிகுடா முழுக்கக் கடற்புல், அது மிதிதுடுப்பில் சுற்றிக்கொள்ளும். கரையோரம் விட்டிருக்கும் நண்டு வலையின் கயிறும் சிக்கும், அது ஒருவருடைய பிழைப்பு.

கூட 'இலவசமாக' வரும் லைஃப் ஜாக்கெட்டை நம்பிப் பிள்ளையை ஏற்றாதீர்கள். பல நேரம் அது நீச்சல்குளத்து உடுப்பு. உள்ளே தைத்த சீட்டில், மிதக்க வைக்கும் திறனைச் சொல்லும் நியூட்டன் கணக்கு இருக்க வேண்டும். நீந்தத் தெரிந்த பெரியவருக்கு 50, நீந்தத் தெரியாதவருக்கும் பிள்ளைக்கும் கழுத்துப்பட்டை வைத்த 100. பிள்ளைக்குத் தொடையிடைப் பட்டையும் வேண்டும். போட்டு இறுக்கிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்குங்கள். காதுவரை ஏறினால் அளவு தவறு. துடுப்பும் அப்படித்தான். 32 அங்குல அகலப் படகுக்கு 230 முதல் 240 செ.மீ. துடுப்பு வேண்டும். கொடுப்பது பெரும்பாலும் 210 ஆக இருக்கும், கை படகில் இடிக்கும்.

காற்றைப் பற்றி எந்த விற்பனையாளரும் வாய் திறப்பதில்லை. நம் கரை கிழக்கே பார்த்தது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலுக்குத் தள்ளும். கரையோரம் தண்ணீர் தட்டையாக, அழகாகத் தெரியும். போவது சுலபம், திரும்புவது முடியாது. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றில் அலை எழும்பும். புதியவர்களுக்குப் பிப்ரவரி, மார்ச் காலைகள் ஏற்றவை. மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸின் (INCOIS) கடல்நிலை முன்னறிவிப்பைப் பார்த்து, காற்று மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் என்றால் இறங்காதீர்கள். கடலோரக் காவல் குழும எண் 1093, கடலோரக் காவல்படை 1554. இரண்டையும் தண்ணீர் புகாத உறையிலிருக்கும் போனில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கண்மாயில் ஓட்டிக் காட்ட விற்பவர் கூப்பிட்டால் போங்கள், ஆனால் அவர் காட்டுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அடைப்பான்களை எடுக்கச் சொல்லுங்கள். சாமான் எடைக்குத் தண்ணீர்க் கேன்களை ஏற்றுங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கால் எட்டாத ஆனால் கரைக்குப் பக்கமான இடத்தில், துணைக்கு நீந்தத் தெரிந்தவர் நிற்க, கயாக்கை வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்துங்கள். வயிற்றைக் குறுக்கே போட்டு, காலை உதைத்து மேலே ஏறி, புரண்டு இருக்கையில் உட்காருங்கள். ஓட்டப்போகும் ஒவ்வொருவரும் இதைச் செய்ய முடிய வேண்டும். பிறகு கரையேற்றி டிரெயினைத் திறந்து சாயுங்கள். ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் வந்தால் வேண்டாம். இந்தச் சோதனைக்கு மறுக்கிறவரிடம் எவ்வளவு தள்ளுபடி கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

பில்லில் நீளம், அகலம், எடை, தாங்கும் கிலோ, "கடலோரப் பயன்பாட்டுக்கு" என்ற சொல் எல்லாம் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சை வாட்ஸ்அப் செய்தியாக வரவழையுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நமக்குச் சிவகங்கை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை, கால வரம்பு இரண்டு வருடம். அதுவரை அந்தக் கயாக்கை வெல்டிங் செய்யவோ, ரிவெட்டை மாற்றவோ, ஸ்டிக்கரைக் கிழிக்கவோ செய்யாதீர்கள். ஓட்டை, ரிவெட், ஸ்டிக்கர், அளவு நாடா வைத்த நீளம், அகலம் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, நிழலில் கவிழ்த்துப் போட்டுவிடுங்கள். கைவைத்துவிட்டால், நீங்கள்தான் உடைத்தீர்கள் என்பார்கள்.