பிளாக் எண் பார்க்க எண்டோஸ்கோப் கேமரா: எதற்கு உதவும், எதற்கு உதவாது

பழைய அமெரிக்க மசில் காரில் (பெரிய இன்ஜின் பொருத்திய வேகக் கார்) இருப்பது தொழிற்சாலையில் ஏற்றிய அதே பிளாக்தானா, அதாவது இன்ஜினின் வார்ப்பு உடல்தானா, என்று அதன்மேலுள்ள எண்களை வைத்துப் பார்க்க, மலிவான எண்டோஸ்கோப் கேமரா (நீள கேபிளின் முனையில் குட்டி லென்ஸ்) நல்ல கருவி. ஆனால் பாதி வேலைக்குத்தான். மீதிப் பாதியில் அது கண்ணை மறைக்கும்.

முதலில் எதை வாங்குவது. பெரும்பாலும் 5.5 மி.மீ., 8 மி.மீ. என்ற தடிமன்களில் கிடைக்கிறது. இந்த வேலைக்கு 8 மி.மீ. போதும். முனையில் ஒரு லென்ஸ், பக்கவாட்டில் ஒரு லென்ஸ் இருக்கும் வகையாகப் பார்த்து எடுங்கள். ஒற்றை லென்ஸ் வகையில் பக்கவாட்டில் பார்க்கக் குட்டிக் கண்ணாடி மாட்ட வேண்டும். அது எண்ணை இடம்வலமாகத் திருப்பிக் காட்டும், கழன்று விழவும் செய்யும். வைஃபையில் போனுக்கு அனுப்பும் கேமராக்களில் படம் ஒரு நொடி பிந்தி வருவதால் கையை எங்கே நிறுத்துவது என்று தெரியாது. சொந்தத் திரை உள்ளதே சௌகரியம். கேபிள் நினைத்த பக்கம் வளையாது என்பதால் மெல்லிய பித்தளைக் கம்பியோடு சேர்த்து டேப் சுற்றிக்கொள்ளுங்கள். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும்.

வார்ப்பு எண்ணுக்கு, அதாவது பிளாக்கை வார்க்கும்போதே அதில் பதிந்த எண்ணுக்கு, இந்தக் கேமராவை மிஞ்ச ஆளில்லை. செவ்ரோலெட் ஸ்மால் பிளாக்கில் (சிறிய வகை வி8 இன்ஜின்) அந்த எண் ஓட்டுநர் பக்கம் (அமெரிக்கக் காரில் இடது), சிலிண்டர் ஹெட்டுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் இணையும் பெல்ஹவுசிங் விளிம்பின் மேல் இருக்கிறது. ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்பு) நெருக்கத்தில் தலை நுழையாது, கேமரா நுழையும். எழுத்துகள் மேலெழும்பி நிற்பதால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து வெள்ளைச் சாக்பீஸைத் தேய்த்தால் திரையில் பளிச்சென்று தெரியும். வார்ப்புத் தேதி பெரும்பாலும் எதிர்ப்பக்க விளிம்பில் இருக்கும். ‘சி 5 9’ என்றால் மார்ச் 5, ஆண்டின் கடைசி இலக்கம் 9. அது 1969 ஆகவும் இருக்கலாம், 1979 ஆகவும் இருக்கலாம். 3970010 என்ற வார்ப்பு எண் இரண்டு காலத்திலும் ஓடியது. செவ்ரோலெட்டின் வேக மாடலான 1969 கமாரோ இசட்/28-இன் 302 கன அங்குல இன்ஜினிலும் உண்டு, எழுபதுகளின் சாதாரண 350-இலும் உண்டு.

ஏமாற்றுகிறவர் இங்கேதான் முந்திக்கொள்கிறார். தேதி பொருந்தும் 3970010 பிளாக் ஒன்றைத் தேடிப் பிடித்து, ஹெட் உட்காரும் பரப்பைச் சீவி, பழைய பஞ்சிங்கை (குத்திய எண்ணை) அழித்து, புதிதாக இசட்/28-இன் குறியீடான ‘டிஇசட்’ என்று குத்திவிட்டால் போதும். கேமரா காட்டும் வார்ப்பு எண்ணும் தேதியும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அவை நிஜமானவை. பொய் இருப்பது பயணி பக்கம், ஹெட்டுக்கு முன்னால் இருக்கும் சிறிய பேடில் (ஹெட் உட்காரும் பரப்பின் முன்நீட்சி). கேமரா தோற்பதும் அந்த இடத்தில்தான்.

தொழிற்சாலையில் அந்தப் பரப்பைப் புரோச் இயந்திரத்தால் (பற்களை நேராக இழுத்துச் சீவுவது) இழுத்திருப்பார்கள். அதனால் இன்ஜினின் நீளவாக்கில், முன்னிருந்து பின்னாக, நேர்க்கோடுகள் மெல்லிசாக ஓடும். பின்னாளில் சுழலும் கட்டரால் சீவியிருந்தால் வளைந்த கோடுகள் விழும், அல்லது பரப்பு மழுமழுவென்று இருக்கும். லென்ஸைச் சுற்றியுள்ள எல்இடி நேராக அடிக்கும்போது இரண்டும் ஒரே வெள்ளைப் பளபளப்பாகத்தான் தெரியும். எல்இடியை முழுக்க அணைத்துவிட்டு, சின்ன டார்ச்சைக் காரின் பக்கவாட்டிலிருந்து, பேடைத் தொட்டும் தொடாமலும் சாய்த்துப் பிடியுங்கள். வெளிச்சம் கோடுகளுக்குக் குறுக்காக விழுந்தால்தான் அவை எழுந்து நிற்கும். அந்த வெளிச்சத்தில் நல்ல மேக்ரோ வசதியுள்ள போன் எடுக்கும் படத்துக்கு எண்டோஸ்கோப் கிட்டே வராது.

அதற்கு முன் பேடைச் சுத்தம் செய்ய வேண்டும்: பிரேக் கிளீனர், நைலான் பிரஷ், பெயின்ட் இருந்தால் ஸ்ட்ரிப்பர் ஜெல். கம்பி பிரஷ், எமரித் தாள் இரண்டையும் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். நிஜமான பிளாக்கின் சாட்சியை ஐந்து நிமிடத்தில் அழித்துவிடும்.

‘வி 0314 டிஇசட்’ என்றால் ஃபிளின்ட் ஆலை, மார்ச் 14, இசட்/28 இன்ஜின். வார்ப்புத் தேதி இதற்கு முன்னால் இருக்க வேண்டும், கார் கட்டிய தேதி பின்னால். 1968 முதல் விஐஎன்னின் (காரின் தனி அடையாள எண்) ஒரு பகுதியும் பிளாக்கில் குத்தப்பட்டது. நார்வுட் ஆலையின் 1969 கார் என்றால் ‘19என்’ என்று தொடங்கும். இன்ஜின் குறியீட்டைக் குத்தியது இன்ஜின் ஆலை, விஐஎன்னைக் குத்தியது கார் ஆலை. ஆகவே இரண்டும் ஒரே எழுத்துருவில், ஒரே ஆழத்தில், ஒரே வரிசையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். 1969 கமாரோவில் விஐஎன் பேடில் இல்லையென்றால் ஆயில் ஃபில்டருக்கு மேலே, சொரசொரப்பான வார்ப்பின்மேல் தேடுங்கள். அங்கே புரோச் கோடு கிடையாது, எண்டோஸ்கோப் மறுபடி கைகொடுக்கும். (சீவிய பேடெல்லாம் மோசடி அல்ல. ஒழுங்காக ரீபில்ட் செய்யும்போதும் எண் போய்விடுவது உண்டு. அப்போது அது நிரூபிக்க முடியாத பிளாக், அவ்வளவே.)

ஃபோர்டில் தேதி வரிசை வேறு: ‘9சி14’ என்று ஆண்டு முதலில் வரும். மாத எழுத்தில் ‘ஐ’யைத் தாண்டிவிடுவார்கள், எனவே செப்டம்பர் ‘ஜே’. ஸ்மால் பிளாக்கில் வார்ப்பு எண்ணை ஸ்டார்ட்டர் மறைக்கும். அதைக் கழற்றாமல் எட்டிப் பார்க்க இந்தக் கேமரா உதவும். கிறைஸ்லர் 440-இல் விஐஎன் பயணி பக்கம், ஆயில் பேனுக்குச் சற்று மேலே, கியர்பாக்ஸை ஒட்டி இருக்கும். ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றிய காரின் அடியில் படுத்தால் கண்ணுக்கே தெரியும், கேமரா தேவையில்லை.