மின்சார ஃபியூச்சர்ஸ்: ஒரு நூற்பாலைக்கு எவ்வளவு உதவும்?

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் கரண்ட் வாங்கும் பொறுப்பு என்னுடையது. ஓப்பன் அக்சஸில், அதாவது மின்வாரியத்தைத் தவிர வெளியிலும் வாங்கும் அனுமதியில், ஐஇஎக்ஸ் என்ற மின்சாரச் சந்தையிலிருந்து எடுக்கிறோம். 2022 மார்ச்சில் அங்கே யூனிட் 20 ரூபாயைத் தொட்டபோது வாங்க விலை கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதமே மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 12 ரூபாய் உச்சவரம்பு வைத்தது, 2023 ஏப்ரலில் அதை 10 ஆகக் குறைத்தது. அது பெரிய நிம்மதிதான். ஆனால் 3 ரூபாய்க்கும் 10 ரூபாய்க்கும் நடுவே விலை ஆடும்போது, அடுத்த மாத நூலுக்கு எப்படி விலை சொல்வது?

அதனால்தான் எம்சிஎக்ஸ் என்ற பண்டகச் சந்தை 2025 ஜூலை 10 அன்று தொடங்கிய மின்சார ஃபியூச்சர்ஸை, அதாவது வரும் மாதத்து மின்விலையை இன்றே பூட்டிவைக்கும் ஒப்பந்தத்தை, ஆவலோடு எடுத்துப் பார்த்தேன். இதை மேற்பார்ப்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியா, மின்சார ஆணையமா என்ற வழக்கு 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த பிறகே இதற்கு வழி பிறந்தது.

முதலில் பிடித்தது, ஒப்பந்தத்தின் எளிமை. மெஷின் இறக்குமதிக்கு டாலர் விலையை முன்கூட்டியே பூட்டும் ஃபார்வர்டு போட்டபோது, வங்கியோடு ஐஎஸ்டிஏ மாஸ்டர் அக்ரிமென்ட் என்ற பொது ஒப்பந்தம், அதோடு சேரும் ஷெட்யூல் என்று வாரக்கணக்கில் பக்கம் பக்கமாகப் படித்தோம். இங்கே பேரம் பேச ஒன்றுமில்லை. ஒரு லாட், அதாவது ஒரு ஒப்பந்தத்தின் அளவு, 50 மெகாவாட் மணி, 50,000 யூனிட். விலை சொல்வது ஒரு மெகாவாட் மணிக்கு (1,000 யூனிட்); அது ஒரு ரூபாய் நகர்ந்தால் லாட்டுக்கு 50 ரூபாய். கரண்ட் கைமாறாது, பணக் கணக்கு மட்டும்தான். ஐஇஎக்ஸில் மறுநாளுக்கான மின்சாரத்தை வாங்கி விற்கும் சந்தையில் அந்த மாதம் முழுவதுக்குமான சராசரி விலையில் கணக்கு முடியும். ஒரு மெகாவாட் லோடு 30 நாள் இடைவிடாமல் ஓடினால் 720 மெகாவாட் மணி. அதற்கு 14 லாட் போதும்.

அந்த 14 லாட்டை 4,200க்கு வாங்கி மாதம் 4,700ல் முடிந்தால் 3,50,000 ரூபாய் கையில் வரும். சந்தையில் கூடுதலாகக் கொடுத்த காசு ஏறக்குறைய திரும்பிவிடும். நடுவில் விலை 300 இறங்கினாலோ, அன்றன்றைய கணக்கில் 2,10,000 கட்ட வேண்டும். என் புரோக்கர் அலுவலகத்தில் இதை முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மார்ஜின், அதாவது ஈடாகக் கட்டும் பணம், கேட்டு போன் வந்தபோது முதலாளிக்கு நான்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். மார்ஜினுக்கு மேல் கொஞ்சம் பணத்தைத் தனியாக வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது, அந்தச் சராசரியே எல்லோருக்கும் பொருந்தாது. மூன்று ஷிப்டும் ஒரே சீராக ஓடும் மில்லுக்குச் சரி. இரவில் மட்டும் சந்தையில் வாங்குபவருக்கு, வெயில் நேரத்து மலிவு விலையும் சேர்ந்த சராசரியால் முழுப் பாதுகாப்பு கிடைக்காது. கணக்கு முடிவது, மின்கம்பிகளின் கொள்ளளவு போதாத நெரிசலைச் சேர்க்காத விலையில். நெரிசல் வந்தால் தமிழ்நாடு அடங்கிய எஸ்2 என்ற சந்தைப் பகுதியின் விலை அதற்கு மேலே போகும், அந்த வித்தியாசம் நம் தலையில்தான்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது பில்லின் மறுபாதி. வீலிங், டிரான்ஸ்மிஷன் என்று மின்சாரத்தைக் கம்பியில் கொண்டுவரும் கட்டணங்கள், வெளியில் வாங்குவதற்கு விதிக்கும் கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் எல்லாம் தமிழ்நாடு ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிப்பவை. எங்கள் இ.பி. (மின்வாரிய) கட்டணமும் 2022 செப்டம்பர் உத்தரவுக்குப் பிறகு ஜூலைதோறும் ஏறுகிறது. இதற்கெல்லாம் எந்த லாட்டும் காப்பு தராது.

இருந்தாலும் நான் தொடர்கிறேன், சந்தையில் வாங்கும் அளவில் பாதிக்கு மட்டும். காற்று அடங்கி விசைத்தறி ஆர்டர் நெருக்கும் மாதங்களில் வாங்கி வைக்கிறேன். ஜூன், ஜூலையில் காற்றாலை நன்றாகச் சுற்றும்போது தொடுவதில்லை.